பீஸ்லி ஐயாவோட ஓட்டு

அக்கா, இருக்கிற கோவத்துல டைப் அடிக்கப் பொறுமையில்ல, அதான் பேசியே அனுப்புறேன். இன்னும் ஹால்லதான் உக்காந்திருக்கேன். நாங்க பண்ணை ஆளுங்க தங்கியிருக்கிற பழைய பள்ளிக்கூடத்தை இடிக்கலாமான்னு இன்னிக்கு ஊர்க்கூட்டம். இங்க அமெரிக்காவுல, வெர்மான்ட்ல, ஊர்க்காரங்களே கை தூக்கி முடிவு பண்ணுவாங்க. எங்களுக்கு ஓட்டு கிடையாது, கதவோரமா ஒரு பெஞ்ச்தான்.

கூட்டத் தலைவர் வால்ட் கைகளை எண்ணினார். ரெண்டு பக்கமும் சமம். சமம்னா தீர்மானம் தோத்துச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டேன்.

"இருங்க, பீஸ்லி ஐயா இன்னும் போடலையே." வால்ட் முன்வரிசையில இருந்த காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினார். "இடிக்கணும்கிறார். நிறைவேறிடுச்சு."

எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஊர்க்காரம்மா லோரெய்னைக் கேட்டேன், "யாருங்க அவரு?"

"இந்த ஊரு கிளார்க்கா ஆரம்பிச்சு, ஜட்ஜாகி, காங்கிரஸ் சபைக்கு மெம்பராப் போயி, கவர்னராவும் இருந்தவரு. ஒரு கூட்டத்தையும் விட்டதில்ல."

"வெளிய கல்லறையில பேரு இருக்கே, அந்த கவர்னரா? செத்து எரநூறு வருஷம்னு போட்டிருக்கே?"

"அதுக்கென்ன? ராஜினாமா பண்ணலையேப்பா."

யாரும் சிரிக்கல. உசுரோட இருந்து வரி கட்டுற எனக்கு ஓட்டு இல்ல, அந்தாளுக்கு இருக்கு.

கூட்டம் முடிஞ்சும் யாரும் எழுந்திருக்கல. முதல்ல அவரு போகணுமாம். வரிசையா எல்லாரும் காலை மடக்கி வழி விட்டாங்க. நான் மட்டும் நீட்டியே வெச்சேன்.

முழங்கால்ல ஜில்லுன்னு ஏதோ முட்டி நின்னுச்சு. "தம்பி, பெரியவருக்கு வழி விடு"ங்கிறார் வால்ட்.

இன்னும் நிக்குது. நான் மடக்கலக்கா.