ஐந்தாவது நெல்

குறுவை அறுப்புக் கூலித் தகராறில் செங்கொடிக்காரர்கள் சாலையை மறித்த அன்று, பண்ணையாரின் காரை ஓட்டியவன் வீரையன். "நிறுத்தாதடா" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. ரெத்தினம் என்ற கூலியாள் இடது முன்சக்கரத்தில் அகப்பட்டுச் செத்துப்போனான். வழக்கு அடங்கும்வரை என்று சொல்லி, வீரையனைப் பண்ணையாரின் சீர்காழி வீட்டில், நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

பொழுது போகட்டும் என்று பண்ணைக் காரியக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்த பொம்மைப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே பிளாஸ்டிக் கார், சட்டத்தில் ஒட்டிய துண்டு துண்டாக; பசையும் சாயமும் கூடவே இருந்தன. வீரையன் ஒவ்வொன்றாக நறுக்கியெடுத்து ஒட்டி, பம்பருக்கு வெள்ளிப் பூச்சும் பூசினான். புது வண்டியென்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். இந்தக் காருக்குப் பழம் பெரிது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு நெல்லை வைத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் நாலும் வைத்தபடியே இருந்தன. இடது முன்சக்கரத்தடியில் மட்டும் ஐந்தாவதாக ஒரு நெல், உமி பிளந்து மாவாகக் கிடந்தது. துடைத்தான். மறுநாளும் கிடந்தது. பதினோரு நாளும் துடைத்தான்.

பன்னிரண்டாம் நாள் காரியக்காரர் கதவைத் திறந்தார். "கேஸ் முடிஞ்சிருச்சு. வண்டியும் ஒர்க்‌ஷாப்லேர்ந்து வந்துருச்சு. ஐயா திருத்துறைப்பூண்டி போகணும், வா."

வாசலில் கார் நின்றது.

"பழம் எத்தனை வச்சீங்க?"

"நாலு சக்கரத்துக்கு நாலுதான். ஏறு."

வீரையன் குனிந்து பார்த்தான். இடது முன்சக்கரத்தடியில் இரண்டு பழங்கள் இருந்தன. ஒன்று நசுங்கிச் சாறு வடிந்துகொண்டிருந்தது. வண்டி இன்னும் நகரவில்லை.

பண்ணையார் ஏறிப் பின்கதவைச் சாத்திக்கொண்டார்.

"எடுடா. வழியில எங்கயும் நிறுத்தாத."