சாலையோர மாடம்

கிரீஸில் செல்வினும் அவன் நண்பன் இசக்கியும் ஏறிய முதல் மலிவு பஸ் வேறு ஊரில் இறக்கிவிட்டது. அடுத்தது மலைப்பாதையில் டயர் வெடித்து நின்றது. விபத்தில் இறந்த யாருக்காகவோ சாலையோரம் வைத்திருந்த சின்ன மாடத்தில் விளக்கு அணைந்திருக்க, இசக்கி அதை ஏற்றினான். சரிவில் ஓடிவந்த கறுப்புடை அம்மாள் ஒருத்தி, "நிக்கோ! நிக்கோ!" என்று அவனைக் கட்டிக்கொண்டாள்.

"நிக்கோ அவள் மகன். இங்கேதான் இறந்தான்" என்றார் டிரைவர்.

டயர் மாற்றியாயிற்று. "ஏல, ஏறுல!" என்று செல்வின் இழுத்தான்.

"வந்துட்டேம்மா" என்று அவளிடம் தமிழில் சொன்ன இசக்கி, செல்வினிடம் திரும்பி, "நீ போ. அடுத்த பஸ்ல வாரேன்" என்றான்.

பஸ் வளைவில் திரும்பும்போது செல்வின் எட்டிப் பார்த்தான். இருவரும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இசக்கிதான் முன்னால் நடந்தான், வழி தெரிந்தவன்போல.