அரை மணி நேர ஆட்டம்

"மேடம், இந்த கேமைச் செஞ்சவர் ஜென்மத்துல ஒரு கடையில நின்னிருக்க மாட்டார்!"

ஹைஸம் மவுஸை விடாமலே சொன்னான். 'நேரத்தோடு போட்டி போடும் கேம்களில் கெட்டிக்காரர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஷுப்ரா பேட்டையில் இருந்த அந்த மாடி அறைக்கு வந்திருந்தான். வேலை இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று ரானியாவின் அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். இதுவும் கை நழுவினால் நிச்சயதார்த்தம் அவ்வளவுதான்.

"அதுக்குத்தான் தம்பி உங்களைக் கூப்பிட்டது. அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. என்ன குறைன்னு கூச்சப்படாம சொல்லுங்க," என்றார் நஜ்லா மேடம்.

திரையில் கோஷரிச் சாப்பாடு கேட்டு வட்ட வட்டமாக முகங்கள் வந்துகொண்டிருந்தன. காத்திருக்கக் காத்திருக்க அவை மஞ்சளாகி, சிவந்து, கோபித்துக்கொண்டு மறைந்துவிடும். அதற்குள் ஒரு மோட்டார்சைக்கிளைத் தட்டி அனுப்ப வேண்டும்.

"முதல்ல பத்து நிமிஷம் ஈ ஓட்டுது. அப்புறம் திடீர்னு நாற்பது பேர் குதிக்கறாங்க! ஒவ்வொருத்தரா விட வேண்டாமா? ஆடறவன் மூச்சு விடறதா, வேண்டாமா?"

மேடம் எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"'அனுப்பு'க்குப் பக்கத்துலயே 'ரத்து' பட்டனை ஒட்டி வெச்சிருக்கு. அவசரத்துல ஆறு பேருக்கு ரத்து பண்ணிட்டேன்."

"ஐயையோ! யார் யாருக்கு?"

"யாரா இருந்தா என்ன மேடம், பொம்மைதானே!" ஹைஸம் சிரித்தான். "இந்தம்மாவைப் பாருங்க. அஞ்சாவது மாடியாம். பால்கனியிலேருந்து கூடை இறக்குவாங்களாம். இறங்கவே காணோம்! பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, பைக் ஆளை மேலே ஏறச் சொல்லி மூணு தடவை அமுக்கிட்டேன். அவனோ ஆமை! வேகத்தைக் கூட்டுங்க."

"முன்னாடி வந்தவங்க யாரும் இவ்வளவு சொல்லலையே," என்று மேடம் வியந்தார்.

ஹைஸமுக்கு உள்ளுக்குள் குஷி. ஆனாலும் ஒரு கேள்வி அவனைக் குடைந்துகொண்டே இருந்தது.

"ஒண்ணு மட்டும் அபாரம் மேடம். லேட்டானா இவங்க திட்டறாங்களே, அச்சு அசலா நம்ம ஊர்க்காரங்கதான்! யாரு எழுதினது?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. தலையில் ஹெல்மெட்டோடு ஒருவர், வியர்வை சொட்டச் சொட்ட, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு ஸ்க்ரீன்ல எந்தப் புண்ணியவான் மேடம் உட்கார்ந்திருக்கார்? லிஃப்ட் இல்லாத வீட்டுல மூணு தடவை ஏறி இறங்கிட்டேன்!"

ஹைஸம் சட்டென்று மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"கத்தாதே அஷ்ரஃப். வெள்ளிக்கிழமைத் தொழுகை விட்டதும் வழக்கமா நம்ம கோஷரிக் கடையில முப்பது பேராவது கோவிச்சுட்டுப் போவாங்க. இன்னிக்குத் தம்பி ஆறு பேரோட சமாளிச்சுட்டார்," என்ற மேடம், டெலிபோனை ஹைஸமின் பக்கம் நகர்த்தினார். "வேலை உங்களுக்குத்தான் தம்பி. முதல் வேலையா அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு மன்னிப்பு கேளுங்க."