மூணு பாட்டுக்கு மேல் கூடாது

குளத்து இசைவிழாவில் கேமராக்காரர்கள் முதல் மூன்று பாட்டுக்குத்தான் மேடையோரம் நிற்கலாம். கொக்கு ஒற்றைக்காலில் நின்று படமாக எடுத்துத் தள்ளியது. மேடையில் தவளைகளும் சளைக்கவில்லை. பாடகர் தவளை குட்டிக்கரணம் போட்டது. டிரம்ஸ் தவளை குச்சிகளை வானத்துக்கு வீசியது. சுருதியைத்தான் காணோம்.

கொக்கை வெளியேற்ற முதல் பாட்டிலேயே கிளம்பிய காவலாளி நத்தை, மூன்றாவது முடிகையில் வந்து சேர்ந்தது. "போதும் சார், வெளியே வாங்க."

கொக்கு மேடையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வந்து, முதுகைத் திருப்பிக் கேமராவைப் பையில் வைத்தது. பின்னால் ஒரு பாட்டு எழுந்தது. கொக்குக்கு இறகெல்லாம் சிலிர்த்தது.

"அடடா! யாருப்பா இந்த பேண்டு? படம் எடுக்காம விட்டுட்டேனே!"

"அதே தவளைங்கதான் சார். இப்பதான் உட்கார்ந்து பாடுறாங்க."

கொக்கு ஆசையாய்த் திரும்பிக் கேமராவைத் தூக்கியது.

பாடகர் தவளை அதைப் பார்த்துவிட்டது. பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு குட்டிக்கரணம் போட்டது.