இரண்டாந்தரம் வந்த சம்பந்தம்

பெண் பார்க்க வந்த வல்லிபுரம், பட்டதாரியான தவமலரை நடக்கவைத்துப் பார்த்தார், பாடவைத்தும் கேட்டார். எல்லாம் பிடித்திருந்தது. ஆனால் அவள் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு வீட்டு வாசலில் சைக்கிள் திருத்தும் கடை திறந்ததும் குதித்தார்.

"கிறீஸ் பூசின கையையோ ஆலை உத்தியோகத்திலை இருக்கிற என்ரை மகன் பிடிக்கிறது?"

சம்பந்தம் முறிந்தது.

பெற்றோல் வராமல் போய் ஊரே சைக்கிளில் ஏறியபின், அதே வல்லிபுரம் வாழைக்குலையோடு வந்து நின்றார். பின்னால் தலைகுனிந்தபடி மகன் குகநேசன்.

தவமலரின் அம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "கடையைப் பூட்டச் சொன்னால் ஓமெண்டு சொல்லு பிள்ளை," என்று காதுக்குள் கெஞ்சினாள்.

"செத்தாலும் பூட்டமாட்டன்!" தவமலர் உரக்கவே சொன்னாள்.

"ஐயோ, பூட்டக்கூடாது பிள்ளை!" வல்லிபுரம் பதறினார். "பழசை மறவுங்கோ. இவனை உங்கடை கையிலை ஒப்படைக்கத்தான் வந்தனான்."

அம்மா தேத்தண்ணி போட ஓடினாள்.

வல்லிபுரம் குரலைத் தாழ்த்தினார். "ஆலையை மூடிப்போட்டாங்கள். கடையிலை இவனுக்கு ஒரு வேலை குடுங்கோ."

தவமலர் கிறீஸ் கையைத் துடைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"முதலிலை ஒருக்கா நடந்து காட்டட்டும். பிறகு ஒரு பாட்டு."