பேரம் பேசாத நீலாம்பாள்

செவிலிமேட்டு நீலாம்பாள் எங்கள் பட்டுக்கடையில் பேரமே பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேரம் பேசாதவர்கள் வாங்குவதில்லை.

"அம்மாவுக்கு இந்தப் பச்சைதான் நல்லா இருக்கும்," என்றாள் பக்கத்திலிருந்த சிறுமி அபிநயா.

"பொண்ணு அப்படியே உங்க ஜாடைம்மா!" வழக்கமான வியாபாரப் பொய்யோடு புடவையை நீலாம்பாள் தோளில் போட்டேன்.

அவர் அதை எடுத்துக் கீழே வைத்தார்.

"எனக்கில்லப்பா, இவளைப் பெத்தவளுக்கு. அவ உடம்பு தேறுற வரைக்கும்தான் கவர்மெண்ட்ல என்கிட்ட வளர்க்கக் குடுத்தாங்க. நாளைக்குக் கூட்டிக்கினு போறா. பில் போடு."

பில் போட எழுந்தேன்.

"அண்ணா, தறியில ஒரே பாவு நூல்ல ஒரே மாதிரி மூணு புடவை நெய்வாங்கல்ல? இதோட ஜோடியையும் எடுங்க," என்றாள் அபிநயா.

"அது யாருக்கு?"

"இந்த அம்மாவுக்கு."

நீலாம்பாள் கீழே வைத்த பச்சையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டா எடுத்தா எவ்வளவு குறைப்பே?"