நூற்றிருபதால் பெருக்கு

"ரெண்டு மணி நேரமா? அதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிடும்."

போனை அணைத்துவிட்டுத் தொட்டியின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள் தங்கை. சாயப்பட்டறையின் ஆழமான காலித் தொட்டிக்குள் கால் முறிந்து கிடந்தான் அண்ணன். தொடையில் ரத்தம் நிற்கவில்லை.

விடுமுறை நாள். பட்டறையில் ஈ காக்கை இல்லை. விளிம்போரம் நடந்தவள் செருப்பு வாரைச் சரிசெய்யச் சட்டென்று குனிந்தாள். அந்த நொடியில்தான் பின்னால் வந்த அவன் தலைகுப்புற உள்ளே போனான்.

"ஏணி எங்க பாப்பா?"

"வெல்டிங்குக்குப் போயிருக்கு."

குரலில் ஈரமே இல்லை. கரித்துண்டை எடுத்துத் தரையில் எழுத ஆரம்பித்தாள், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.

"பெரிய குழாய் தனியா முப்பது நிமிஷத்துல ரொப்பும். சின்னது அறுபது. அடியில மூட முடியாம துருப்பிடிச்ச வால்வு நாப்பதுல காலி பண்ணிடும்."

அப்பா விட்டுப்போன பட்டறையை விற்றே தீருவேன் என்று அவனும், விடமாட்டேன் என்று அவளும் நிற்க, இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷமாகிறது.

"தொட்டி ரொம்ப எக்ஸ் நிமிஷம்னு வெச்சுக்கலாம். முப்பதுல ஒண்ணு, கூட அறுபதுல ஒண்ணு, நாப்பதுல ஒண்ணைக் கழிச்சா எக்ஸ்ல ஒண்ணு. எல்லாத்தையும் நூத்திருபது எக்ஸால பெருக்கினா பின்னமே போயிடும்."

பள்ளியில் இதே கணக்கில் முட்டை வாங்கியவன் அவன். உயிர்பயத்தில் இப்போது தானாக வந்தது. நாலும் ரெண்டும் ஆறு எக்ஸ். மூணு போனால் மீதி மூணு எக்ஸ். அது நூற்றிருபது என்றால், எக்ஸ் நாற்பது.

நாற்பது நிமிஷம்தான்.

"வேண்டாம் பாப்பா! சின்னதை மட்டும் திற, தண்ணி நிக்காது!"

"தெரியும்" என்றவள் இரண்டையும் திறந்தாள்.

தண்ணீர் இரைந்துகொண்டு இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. மேலிருந்து காலி பிளாஸ்டிக் டிரம் ஒன்று பக்கத்தில் வந்து விழுந்தது. அடித்தே கொல்லப் பார்க்கிறாள் என்று அலறியவன், முங்கப்போகிற அவசரத்தில் அதையே கட்டிக்கொண்டான்.

டிரம் அவனைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே வந்தது. விளிம்பில் அவள் மண்டியிட்டிருந்தாள், கட்டுப்போடக் கிழித்த துணியோடு.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உன் ரத்தம் தாங்காது" என்றாள்.

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"என்னைத் தள்ள நீட்டின கைதானே, கொஞ்சம் மேல நீட்டுண்ணா."